எழுபதுக்குக் கீழே

டாக்டர்கள் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்ப்பார்களே, அந்தக் கருவியின் வட்ட முகப்பு மட்டும் தனியாக ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டையும் இல்லை, காற்றடிக்கும் ரப்பர் பந்தும் இல்லை. அதிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய் ஒன்று, மயங்கிக் கிடந்த குதிரையின் கன்னத்துத் தமனிக்குள் போய் முடிந்தது. குதிரையின் இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் முகப்பின் முள் லேசாக நடுங்கியது. அதற்கு எதிரே முக்காலி போட்டு, ஒரு கையின் இரண்டு விரல்களைக் குதிரையின் தாடையடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தவரைத்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் மயக்க டாக்டரம்மா என்றார்கள். அவரை நினைக்கும்போதெல்லாம் அவர் முகத்துக்கும் முன்னால் அந்த முள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில், தனியார் கால்நடை மருத்துவமனை ஒன்றில் நான் அறுவை மருத்துவன். அவர் மயக்க மருந்து கொடுப்பவர். சின்னாளப்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அய்யலூர்ச் சந்தையில் வாங்கி வந்த ஆட்டுக்குக் கால் முறிந்திருக்கும், மாடு கம்பியை விழுங்கியிருக்கும், வீட்டு நாய் வண்டியில் அடிபட்டிருக்கும். இவைதான் எங்கள் அன்றாடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர் என்றாலும் அறுவை அறைக்குள் நான் அவருக்குப் பயந்துதான் இருந்தேன். எனக்கு வேகம் அதிகம், வாயும் அதிகம். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்கு உறைக்கிற மாதிரி பேசுவார். ஒரு முறை ஒரு மாட்டுக்குத் தையலை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நம்ம வேலை முடிஞ்சுது, டீ சொல்லுங்க" என்றேன். "ஒங்க வேலை முடிஞ்சுது சார். என் வேலை அது எந்திரிச்சு நின்னாத்தான் முடியும்" என்றார். டீயை நான் தனியாகத்தான் குடித்தேன்.

அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்பது ஒரு கல்யாண ஊர்வலக் குதிரையால்தான் எனக்குப் புரிந்தது. நல்ல உயரமான வெள்ளைக் குதிரை. வயிற்றின் ஓரத்தில் பெரிய கட்டி. அறுவை அருமையாக நடந்தது. நானே என்னை மெச்சிக்கொண்ட அறுவைகளில் அது ஒன்று. ஆனால் மயக்கம் தெளிந்த குதிரையால் எழ முடியவில்லை. முன்கால்களை ஊன்றும், பின்பாகம் வராது. தொடையைத் தொட்டால் சதை கட்டைபோல இறுகியிருந்தது. பொறுக்க முடியாமல் வயிற்றுக்கடியில் பெல்ட்டுகளைக் கொடுத்து, செயின் பிளாக்கில் தூக்கி நிற்கவைத்தோம். அது நிற்கவில்லை, தொங்கியது. இறக்கியதும் மடங்கியது. மறுநாள் அதை நாங்களே நிரந்தரமாகத் தூங்கவைக்க வேண்டியதாயிற்று.

குதிரையின் உடம்பு அப்படிப்பட்டது. மயக்க வாயு இதயத்தின் வேகத்தை மட்டுப்படுத்தும், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். ரத்த அழுத்தம் இறங்கும். ஆடும் நாயும் அதை ஓரளவு தாங்கும். குதிரையோ பல நூறு கிலோ எடையோடு ஒரு பக்கமாகப் படுத்திருக்கிறது. அடியில் அகப்பட்ட சதையை அதன் சொந்த எடையே நசுக்குகிறது. அந்த நசுக்கலை மீறி உள்ளே போகும் அளவுக்கு ரத்தத்துக்கு வேகம் இல்லையென்றால், மேலே நாம் தைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே சதை செத்துக்கொண்டிருக்கும். சராசரி அழுத்தம் எழுபதுக்குக் கீழே போகவிடக் கூடாது என்பது பாடம். எங்களிடம் அன்று அதை அளக்க எதுவும் இல்லை, விரலும் காதும்தான். வெள்ளைக் குதிரையைப் புதைத்த அன்று டாக்டரம்மா என்னிடம் வந்து, "சார், இனிமே குதிரைன்னா என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் நின்று கேட்கவில்லை.

ஆனால் குதிரையை அவர் விடவில்லை என்பது எனக்குத் தெரியும். மதிய நேரத்தில் சோற்றைப் பிசைந்தபடியே ஏதாவது படித்துக்கொண்டிருப்பார், எட்டிப் பார்த்தால் அதில் குதிரைப் படம் இருக்கும். ஒரு நாள் உடைந்த ரத்த அழுத்தக் கருவி ஒன்றை யாரிடமோ வாங்கி வந்து, அதன் முகப்பைக் கழற்றிக் குழாய் மாட்டி, ஒரு எருமையின் காதுத் தமனியில் சோதித்துப் பார்த்தார். முள் துடித்தபோது சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப்கள் இரண்டு வாங்கி அறையின் மூலையில் போட்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா கெடக்கட்டும்" என்றார்.

பவுனு அந்தக் கோடையில்தான் வந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் வளர்த்த பெண் குதிரை. வானம் பார்த்த பூமியில் சோளமும் கடலையும் போட்டுப் பிழைக்கும் குடும்பம். புருஷனுக்கு வண்டிப் பந்தயத்தில் பைத்தியம். பந்தயத்தில் இன்னொரு வண்டி உரசி, வண்டியின் ஏர்க்கால் மரம் முறிந்து, ஒரு முழ நீள மரச்சிராய் பவுனின் தொடைக்குள் ஏறிவிட்டது. வண்டியிலிருந்து விழுந்த புருஷனுக்கு இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் படுக்கை. உள்ளூர்க் கால்நடை மருத்துவர் ரத்தத்தை நிறுத்திவிட்டு, சிராய் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி நிற்கிறது, இங்கே தொட முடியாது என்று எங்களுக்கு அனுப்பினார். அவர் மனைவி, பவுனை வளர்த்த அந்த அம்மாள், போனில் அழுதார். நான் என்ன செய்தேன் என்றால், எதுவும் சொல்லாமல் போனை டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "ராத்திரிக்குத் தீவனம் மட்டும் வேணாம்க்கா. வெள்ளன கூட்டிட்டு வாங்க" என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "நல்லா மாட்டி விடுறீங்க சார்" என்று முறைத்தார். அந்த முறைப்பில் பாதிக்கு மேல் பயம் இருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலையில் மினி லாரியிலிருந்து பவுனை இறக்கினார்கள். செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, அடிபட்ட காலைத் தரையில் ஊன்றாமல் நொண்டி நொண்டி வந்தது. டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், நாடி பிடித்தார். ஈறு கொஞ்சம் உலர்ந்திருந்தது, நாடி வேகமாக இருந்தது. இரண்டு நாள் வலியும் லாரிப் பயணமும் சேர்ந்தால் எந்தக் குதிரைக்கும் அப்படித்தான் இருக்கும். கழுத்து நரம்பில் ஒரு டிரிப்ஸை ஓடவிட்டு, ஊசி போட்டுப் படுக்கவைத்தார். மெத்தைமேல் கிடத்தியதும் காற்றடித்த லாரி டியூபைக் கீழ்ப்பக்கத் தோளுக்கடியில் செருகினார், இன்னொன்றை இடுப்புக்கு. அடியில் இருந்த முன்காலை முன்னால் இழுத்துவைத்தார், பின்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய சுங்குடிச் சேலையை மடித்துக் கண்ணைக் கட்டினார். ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவள்கூட இத்தனை சரிபார்க்க மாட்டாள். எனக்குக் கை பரபரத்தது. "ஆரம்பிக்கலாமா டாக்டர்?" என்று இரண்டு முறை கேட்டேன். அவர் கன்னத்துத் தமனியில் குழாயைச் செருகி, முள் துடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. நான் தோலைத் திறந்து, சதையை விலக்கி, சிராயின் முனையைக் கண்டுபிடித்தேன். அதன் பக்கத்திலேயே ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. அதைக் காயப்படுத்தாமல் சிராயை மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். அப்போதுதான் டாக்டரம்மா "சார், எறங்குது" என்றார். முள் எழுபதைத் தாண்டி அறுபதுக்கு வந்திருந்தது. வாயுவைக் குறைத்தார், குறைத்ததில் குதிரை விழித்துவிடாமல் இருக்க நரம்பு வழியாக வேறு மருந்தைக் கொஞ்சமாகச் சேர்த்தார். அப்படியும் முள் இறங்கியது. இதயத்துக்கு உந்துதல் கொடுக்கும் டோபுடமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஏற வேண்டிய அழுத்தம் ஏறவில்லை, நாடி மட்டும் படபடவென்று ஓட ஆரம்பித்தது. பவுனின் கால் ஒரு தடவை வெட்டி இழுத்தது. என் கத்தி ஒரு விரற்கடை விலகியது.

"ஆழமா வைங்க டாக்டர்! குதிரை ஆடுது!" என்று கத்தினேன்.

"வாயு கூட்டுனா இன்னும் எறங்கும். கையை எடுங்க சார்."

"இந்த நிலையில எப்படிக் கையை எடுக்க?"

"அப்ப அசையாம வச்சுக்கிருங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பத்து நிமிஷம் விட்டால் முடித்துவிடுவேன், முடித்துவிட்டால் எல்லா வாயுவையும் நிறுத்திவிடலாமே என்பது என் கணக்கு. ஆனால் வெள்ளைக் குதிரைக்கும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். காயத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு சும்மா நின்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் நான் அப்படிச் சும்மா நின்றதே இல்லை. மேலே நிற்கிற எனக்குக் குதிரையின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. கீழே, டியூபுக்கு மேலே அழுந்திக்கிடக்கிற தொடைக்குள் என்ன நடக்கிறது என்பது அந்த முள்ளுக்குத்தான் தெரியும். முள் ஐம்பத்தைந்தில் நின்றது.

டாக்டரம்மா மருந்தைக் கூட்டவில்லை. தாடையடியில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார். "அடிக்குது சார், ஆனா உள்ள ஒண்ணுமில்ல. வெறும் கொடத்த மொண்டு ஊத்துற மாதிரி இருக்கு." எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார். "அக்கா! பவுனு கடைசியா எப்பக்கா தண்ணி குடிச்சுச்சு?"

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அந்த அம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். "தண்ணியா? குடுக்கலியே டாக்டரம்மா."

"எப்ப இருந்து?"

"முந்தாநேத்து பொழுசாய அடிபட்டுச்சுல்ல, அன்னைக்கே அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டோம். அது நல்லாகிற வரைக்கும் ஒருசந்தின்னு. பிள்ளைக, நானு, எல்லாருமே பச்சத் தண்ணி பல்லுல படல."

"நீங்க இருந்தது சரிக்கா. பவுனு?"

"அதுவுந்தான். அதுவும் எங்க வீட்டுப் பிள்ளதான? அதுக்கு மட்டும் தண்ணி காட்டுனா நேத்திக்கடன் எப்படிப் பலிக்கும்?" அப்போதுதான் எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "தப்புப் பண்ணிட்டமா டாக்டரம்மா?"

குஜிலியம்பாறை வெயிலில், ரத்தமும் இழந்து, ஒரு குதிரை ஒன்றரை நாளாகத் தண்ணீர் இல்லாமல் நின்றிருக்கிறது. எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. டாக்டரம்மா என்னை முந்திக்கொண்டார். "ஒண்ணும் ஆகலக்கா. நீங்க செவத்தோரம் நெழல்ல உக்காருங்க. நாங்க இப்பக் குடுத்துர்றோம்" என்றார். அவ்வளவுதான். அந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

அதன்பிறகு அவர் செய்தது எல்லாம் வேகம். டோபுடமினை மட்டுப்படுத்தினார். உப்பு அடர்ந்த கரைசலை முதலில் ஏற்றினார். உடம்பில் அங்கங்கே இருக்கும் நீரை ரத்தக்குழாய்க்குள் இழுத்துவருவது அதன் வேலை. கூடவே கழுத்தின் இரண்டு பக்கமும் டிரிப்ஸ் பைகளைத் தொங்கவிட்டு, வாட்ச்மேனையும் கம்பவுண்டரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பையைக் கையால் பிழியச் சொன்னார். காலியான பைகள் தரையில் குவிந்தன. மாடு கன்று போட்டதும் கொடுப்போமே, அந்தக் கால்சியம் பாட்டிலை எடுத்து, இதயம் இறுக்கி அடிப்பதற்காக மெல்ல மெல்ல இறக்கினார். முள் முதலில் அசையவில்லை. பிறகு அறுபதுக்கு வந்தது. அங்கேயே நின்றது. பிழிந்தவர்களுக்குக் கை கடுத்தது. அறுபத்தைந்து. "இப்பத் தொடுங்க சார். ஆனா அவசரப்படாதீங்க" என்றார். சிராயை நான் உருவி எடுத்தபோது முள் எழுபதுக்கு மேலே ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அது கீழே இறங்கவே இல்லை. ஆனால் முள் எழுபதுக்குக் கீழே கிடந்த அந்த நேரத்துக்கு என்ன விலை என்பது குதிரை எழும்போதுதான் தெரியும்.

சுவர் முழுக்க மெத்தை கட்டிய அறையில் பவுனைக் கிடத்திக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதும்போது இன்றைய நாளையும் சொல்ல வேண்டும். இப்போது எங்களிடம் நல்ல கருவி இருக்கிறது. வண்ணக் கோடுகள் ஓடும், அழுத்தம் இறங்கினால் அதுவே கூவும். புதிதாக வந்திருக்கும் மயக்க டாக்டர் திறமையான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டரம்மா கணவரோடு வடக்கே போய் ஒரு கல்லூரியில் பாடம் சொல்லித்தருகிறார். எப்போதாவது பேசுகிறோம். அவர் இல்லாமல் அறுவை அறை எனக்கு வெறிச்சென்றுதான் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு விலங்கின் சொந்தக்காரரிடமும் நான் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். "இதுக்காக ஏதும் வேண்டுதல் வச்சிருக்கீங்களா? இதையும் அதுல சேத்தீங்களா?" புது டாக்டர் முதல் நாள் அதைக் கேட்டுச் சிரித்தார். நான் அடுத்த சொந்தக்காரரிடமும் அதையே கேட்டேன்.

அன்று பவுனின் காது முதலில் அசைந்தது. பிறகு தலையைத் தூக்கி மார்பில் ஊன்றிக்கொண்டது. டாக்டரம்மா அதன் தலைப்பக்கம் மண்டியிட்டு, கழுத்தில் கை வைத்து, "அவசரமில்ல தாயி, செத்த நேரம் இரு" என்று பேசிக்கொண்டே இருந்தார். வாசலில் அந்த அம்மாள் ஜெபமாலையைப் பிடித்தபடி நின்றார். பவுனு முன்கால்களை நீட்டியது, எம்பியது, பின்பாகம் வழுக்கிப் பொத்தென்று விழுந்தது. கம்பவுண்டர் வாலைப் பிடித்துத் தூக்கிவிடப் பாய்ந்தார்.

"யாரும் தொடாதீங்க!" டாக்டரம்மாவின் குரல் உடைந்திருந்தது. "நிக்க வைக்காதீங்க. அதுவா நிக்கட்டும்."

பவுனு மூச்சிரைக்கக் கிடந்தது. கிடந்தது, கிடந்தது, ஒரே உந்தாக எழுந்தது. கால்கள் நான்கும் நான்கு பக்கம் அகன்று நடுங்கின. விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். விழவில்லை. டாக்டரம்மா அதன் பின்னால் போய், அடியில் கிடந்த பக்கத்துத் தொடையை உள்ளங்கையால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "மெத்துன்னு இருக்கு சார்" என்றார். அவ்வளவு நேரமும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் அந்தத் தொடையிலேயே நெற்றியைச் சாய்த்துக் குலுங்கி அழுதார்.

நடுக்கம் நின்ற பிறகு டாக்டரம்மாவே ஒரு வாளியில் அடி நனையத் தண்ணீர் பிடித்துவந்து, இரண்டு கையாலும் பவுனின் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்தார். பவுனு முகர்ந்தது, உதட்டை நனைத்தது, பிறகு மடக்மடக்கென்று குடிக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து அந்த அம்மாளின் போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து புருஷன். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "என்ன புள்ள ஆச்சு? எந்திரிச்சுச்சா?"

அந்த அம்மாளால் பேச முடியவில்லை. "ஏய், சொல்லு புள்ள, எதுனாலும் சொல்லு" என்று அங்கே குரல் உயர்ந்தது. பதிலுக்கு அந்த அம்மாள் போனைக் கொண்டுபோய் வாளிக்குப் பக்கத்தில் பிடித்தார். டாக்டரம்மா வாளியை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். பவுனு தண்ணீர் குடிக்கும் சத்தத்தைத் தவிர அந்த அறையில் வேறு சத்தம் இல்லை. வாளி காலியானதும் டாக்டரம்மா அதை இறக்கப் போனார், போனிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தமும் பிறகு அந்தக் குரலும் வந்தன.

"இன்னும் செத்த நேரம் அப்புடியே புடி புள்ள."

டாக்டரம்மா என்னைப் பார்த்து வாளியை நீட்டினார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துவந்தேன்.